மருந்துப் பெட்டி ப்ரூஃப்: கம்ப்யூட்டரே ஒப்பிட்டுப் பார்க்கும்போது ஆள் எதற்கு?

கேள்வி | 11 மே 2025

ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் ஒரு கார்ட்டன் (அட்டைப்பெட்டி) அச்சகத்தில் க்யூ.சி.யில், அதாவது தரம் பார்க்கும் பிரிவில், சேர்ந்திருக்கிறேன். மருந்துப் பெட்டி, உள்ளே வைக்கும் லீஃப்லெட், பாட்டில் லேபிள், இதுதான் வேலை. கம்பெனி அனுப்பும் பி.டி.எஃப்.பையும் எங்கள் ஃபைலையும் ஒப்பிட மென்பொருள் இருக்கிறது. ஒரு புள்ளி மாறினாலும் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டிவிடும். அப்படியும் எங்கள் சீனியர் இரண்டு பேரை உட்கார வைத்து, ஒருவர் எழுத்தெழுத்தாகப் படிக்க இன்னொருவர் டிக் போட வேண்டும் என்கிறார். ஒரு லீஃப்லெட்டுக்கு அரை நாள் போய்விடுகிறது. வெறும் பழைய காலத்துப் பிடிவாதம் என்பது என் கருத்து. தொழிலில் இருப்பவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில் | 12 மே 2025, காலை

சீனியர் பக்கம்தான் நான். அரை நாள் போவது நியாயமா என்பது வேறு விஷயம். அதற்கு அப்புறம் வருகிறேன்.

மென்பொருளுக்கு இரண்டு ஃபைல் கொடுக்கிறீர்கள். இரண்டும் எங்கே வேறுபடுகின்றன என்று சொல்கிறது. அதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது. இரண்டிலும் ஒரே தப்பு இருந்தால் பச்சை விளக்குதான். நம் பக்கத்துச் சின்ன மருந்து கம்பெனிகளுக்கு ஆர்ட்வொர்க், அதாவது பெட்டியின் வடிவமைப்பு ஃபைல், யார் செய்கிறார்கள்? பாதி நேரம் அச்சகத்து டிசைனர்தான். அவர் செய்ததைக் கம்பெனிக்கு அனுப்புகிறோம், அவர்கள் கையெழுத்துப் போடுகிறார்கள், அதே ஃபைல் திரும்பி வருகிறது. அதை நம் ஃபைலோடு ஒப்பிட்டால் வித்தியாசம் எங்கிருந்து வரும்? கண்ணாடியில் நம் முகத்தையே பார்த்துவிட்டு ‘ஆள் சரிதான்’ என்று சான்றிதழ் கொடுக்கிற மாதிரி.

அதனால் முதலில் கேட்க வேண்டியது, எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பது. மருந்து கம்பெனியில் ரெகுலேட்டரி பார்க்கும் ஆள் தட்டச்சு செய்து கொடுத்த வாசகம் இருக்கிறது. அதிலிருந்து ஆர்ட்வொர்க். அதிலிருந்து கலர் ப்ரூஃப், அதாவது அடிப்பதற்கு முன் ஒப்புதலுக்கு எடுக்கும் மாதிரி. அப்புறம் பிளேட், மிஷினில் வந்த முதல் ஷீட், பஞ்சிங் (பெட்டி வடிவத்துக்கு வெட்டுவது) முடிந்து ஒட்டிய பெட்டி. ஒவ்வொரு தாவலிலும் ஏதாவது கீழே விழ வாய்ப்பு உண்டு. நாம் மென்பொருளை ஓட்டுவது இதில் ஒரே ஒரு தாவலில். அதுவும் விழ வாய்ப்பு குறைவான தாவலில்.

12 மே, இரவு

‘சும்மா பயமுறுத்தாதீர்கள், ஒரு உதாரணம் சொல்லுங்கள்’ என்கிறார் ஒருவர். சொல்கிறேன். வாலாஜா பக்கம் நான் இருந்த ஓர் அச்சகத்தில் நடந்தது. பெயர் வேண்டாம்.

மெத்தில்கோபாலமின் மாத்திரை, அதாவது பி12. ஒரு மாத்திரையில் 1500 மைக்ரோகிராம். கம்பெனிக்காக டிசைன் செய்தவர் சென்னையில் இருந்தார், கோரல் என்ற டிசைன் மென்பொருளில் செய்திருந்தார். மைக்ரோகிராமுக்கு எம்.சி.ஜி. என்று போடாமல் கிரேக்க மியூ எழுத்தைப் போட்டு, பக்கத்தில் ஜி போட்டிருந்தார். அந்த மியூவை எடுத்தது சிம்பல் ஃபான்ட்டிலிருந்து. அந்த ஃபான்ட்டில் கீபோர்டின் எம் விசையைத் தட்டினால் திரையில் மியூ வரும். ஃபைலுக்குள் கிடப்பது எம்தான், அதை மியூவாகக் காட்டுவது ஃபான்ட். எங்கள் கம்ப்யூட்டரில் திறந்தபோது அந்த ஓர் எழுத்துக்கு மட்டும் ஃபான்ட் போய், ஏரியல் வந்து உட்கார்ந்துவிட்டது. 1500 எம்.ஜி. என்று ஆகிவிட்டது. ஆயிரம் மடங்கு.

பார்க்க ஒரு குறையும் இல்லை. கட்டம் கட்டமாக விழுந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்கும். எம்.ஜி. என்பது மருந்துப் பெட்டியில் எங்கும் இருக்கிற எழுத்து, கண்ணை உறுத்தாது. எழுத்தை மட்டும் உருவி ஒப்பிடும் மென்பொருளில் போட்டால் அந்தப் பக்கமும் எம், இந்தப் பக்கமும் எம். வித்தியாசம் பூஜ்யம்.

பிடித்தவர் ப்ரூஃப் டேபிளில் இருந்த ஓர் அக்கா. பத்தாவது வரை படித்தவர், மருந்து பற்றி ஒன்றும் தெரியாது. அவர் கையில் கம்பெனி கொடுத்த தட்டச்சுத் தாள். எதிரில் இருந்த பையன் ப்ரூஃபைப் பார்த்து ‘ஆயிரத்து ஐந்நூறு, எம், ஜி’ என்று படித்தான். அக்கா, ‘இரு. இங்க முதல் எழுத்துக்கு ஒரு வால் கீழே இறங்குதே, உன்னுதுல இறங்குதா?’ என்று கேட்டார். இறங்கவில்லை. அதோடு வேலை நின்றது.

மருந்து தெரிந்தவர் உட்கார்ந்திருந்தால் பிடித்திருப்பாரா? பிடித்திருக்கலாம். ஆனால் தெரிந்தவர் தாளில் இருப்பதைப் படிப்பதில்லை, இருக்க வேண்டியதைப் படித்துவிட்டுப் போய்விடுவார். நானே அப்படித்தான் படிப்பேன். அதனால்தான் படிக்கிற இடத்தில் என்னை உட்கார வைக்க மாட்டார்கள்.

13 மே

‘எல்லா எழுத்தையும் கர்வ் (வெறும் வடிவக் கோடு) ஆக்கி அனுப்பச் சொன்னால் ஃபான்ட் பிரச்சினையே வராதே.’ சரிதான், வராது. ஆனால் கர்வ் ஆக்கினால் அது எழுத்தே கிடையாது, வெறும் கோடு. எழுத்தை உருவி ஒப்பிடும் மென்பொருளுக்கு அங்கே படிக்க ஒன்றும் இருக்காது. படமாக ஒப்பிடும் வகைதான் வேலை செய்யும். அதில் வரி அரை மில்லி நகர்ந்தால் பக்கம் முழுக்க சிவப்பு வட்டமாக வரும், பார்ப்பவர் நாலு வட்டத்துக்குப் பிறகு பார்க்காமலே ‘ஏற்கிறேன்’ அழுத்த ஆரம்பித்துவிடுவார். உங்கள் மென்பொருள் எந்த வகை என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள் தம்பி. பல பேருக்கு அதுவே தெரியாது.

மியூ எழுத்தையே போட வேண்டாம், எம்.சி.ஜி. என்று போடுங்கள் என்று கம்பெனிக்கு எழுதிக் கேட்பது இன்னும் சுலபம். மருந்துப் பாதுகாப்பு பற்றிப் பேசுகிறவர்கள் உலகம் முழுக்க அதைத்தான் சொல்கிறார்கள். கேட்டால் மாற்றுகிறார்கள். நாம்தான் ‘பார்ட்டி கொடுத்ததை அடிப்பது நம் வேலை’ என்று கேட்பதில்லை.

15 மே

புள்ளி பற்றி யாரும் கேட்கவில்லை. நானே எழுதுகிறேன், ஏனென்றால் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான்.

2.5 எம்.ஜி. என்பதில் அந்தப் புள்ளி, சின்ன எழுத்தில், ஊசிமுனை அளவு. ஆஃப்செட்டில் தூசியோ காய்ந்த இங்க் துணுக்கோ பிளாங்கெட்டிலோ (இங்க்கைத் தாளுக்கு மாற்றும் ரப்பர் விரிப்பு) பிளேட்டிலோ ஒட்டினால் அந்த இடத்தைச் சுற்றி வெள்ளை வளையம் விழும், மிஷின்மேன்கள் ஹிக்கி என்பார்கள். படத்தின் மேல் விழுந்தால் அழகு கெடும், அவ்வளவுதான். புள்ளியின் மேல் விழுந்தால் 2.5 என்பது 25. அதே போல .5 என்று மொட்டையாகப் போட்டால், புள்ளி போனதும் 5. 0.5 என்று போட்டிருந்தால் புள்ளி போனாலும் 05 என்று விகாரமாகத் தெரியும், யாராவது நின்று பார்ப்பார்கள். 5.0 என்று போடுவது அதற்கு நேர் எதிர். புள்ளி போனால் 50. முன்னால் பூஜ்யம் வேண்டும், பின்னால் கூடாது. இதை ஆர்ட்வொர்க்கிலேயே பார்க்க வேண்டும். மிஷினில் எவ்வளவு கவனமாக இருந்தாலும் தூசி வரும்.

இதில் இன்னொரு சங்கடம். ஒரு ஷீட்டில் ஒரே பெட்டி 16, 24 என்று அடுக்கி அடிக்கிறோம். ப்ரூஃப் பார்த்தது ஒன்றை. ஹிக்கி விழுவது பதினேழாவதில். மிஷின்மேன் ஓ.கே. ஷீட்டை எடுத்து நடுவில் இருக்கும் ஒரு பெட்டியை லூப்பில் (பூதக்கண்ணாடி) பார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதாது. எல்லா அப்பையும், அதாவது ஷீட்டில் அடுக்கிய ஒவ்வொரு பெட்டியையும், பார்க்க வேண்டும். அதனால்தான் ஒட்டுகிற மடிப்பில், வெளியே தெரியாத இடத்தில், ஒவ்வொரு அப்புக்கும் ஒரு சின்ன நம்பர் போடுவது. புகார் வந்தால் பெட்டியைப் பிரித்து, ‘17’ என்று பார்த்தவுடன் எந்த மூலை என்று தெரிந்துவிடும். உங்கள் அச்சகத்தில் இந்த நம்பர் இல்லையென்றால் நாளைக்கே போடச் சொல்லுங்கள், காசு செலவில்லை.

ஃபிலிம் காலத்தில் தலைகீழாகவும் நடக்கும். ஃபிலிமில் ஒரு தூசி, பிளேட்டில் ஒரு புள்ளி, 25 என்பது 2.5 ஆகிவிடும். ஃபிலிம் இல்லாமல் கம்ப்யூட்டரிலிருந்து நேராகப் பிளேட் எடுக்கும் சி.டி.பி. வந்த பிறகு அந்தத் தொல்லை போனது. அதற்காக அந்த மிஷினுக்கு ஆயுத பூஜையன்று ஒரு பூசணிக்காய் கூடுதலாக உடைக்கலாம்.

21 மே

கேட்கிறவர்கள் கலருக்குத் தாவிவிட்டார்கள். சரி.

வேலூரில் காந்தி ரோடு, இடா ஸ்கடர் ரோடு பக்கம் மருந்துக்கடைகளில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் கலர் எதற்கு என்று புரியும். சி.எம்.சி.க்கு வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வருகிறவர்கள், தமிழும் தெரியாது, ஆங்கிலமும் பலருக்கு வராது. பழைய அட்டையை நீட்டி ‘இதே’ என்று கையால் காட்டுவார்கள். கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததன் பச்சை கொஞ்சம் வெளுத்திருந்தால் வாங்க மாட்டார்கள். போலி மருந்து என்று சந்தேகம். அவர்கள் சந்தேகப்படுவதும் நியாயம்தானே.

அதற்காகத்தான் ஷேட் கார்டு. ஸ்டாண்டர்டு ஒன்று, அதைவிட லைட்டாகப் போகலாம் என்பதற்கு ஒன்று, டார்க்காகப் போகலாம் என்பதற்கு ஒன்று. மூன்றிலும் கம்பெனியின் கையெழுத்து, தேதி, எதுவரை செல்லும் என்ற தேதி. இதை அதே போர்டில், அதே வார்னிஷோடு அடித்து எடுக்க வேண்டும். பளபளப்பான இங்க்ஜெட் தாளில் எடுத்த ப்ரூஃபைக் காட்டி ஒப்புதல் வாங்கிவிட்டு, 300 ஜி.எஸ்.எம். போர்டில் அடித்த பிறகு ‘ஏன் மங்கல்?’ என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? போர்டின் வெள்ளை வேறு, தாளின் வெள்ளை வேறு. வார்னிஷ் ஏறினால் இன்னும் வேறு.

எங்கள் பக்கம் ஷேட் பார்க்கும் முறை, ஷீட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுவது. மத்தியான வெயிலில் எல்லாம் பிரமாதமாக ஒத்துப்போகும். சாயங்காலம் ஆறு மணிக்கு உள்ளே ட்யூப் லைட்டில் பார்த்தால் நீலம் ஊதாவாகத் தெரியும். இரண்டு கலவை ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகவும் இன்னொன்றில் வேறாகவும் தெரிவது இயற்கைதான். அதனால்தான் 5000 கெல்வின் வெளிச்சம் உள்ள லைட் பூத் என்று ஐ.எஸ்.ஓ. வரையறை வைத்திருக்கிறது. வாங்குங்கள்.

22 மே

நேற்று எழுதியதில் ஒன்று சேர்க்க வேண்டும். லைட் பூத் வாங்கினால் போதும் என்கிற மாதிரி வந்துவிட்டது. அதன் பல்புக்கும் ஆயுள் உண்டு, எரிந்துகொண்டே இருக்கும்போதே வெளிச்சத்தின் நிறம் மாறிவிடும். எவ்வளவு மணி நேரம் எரிந்தது என்று எழுதி வைக்கிறவர்களை விரல் விட்டு எண்ணலாம். மருந்துக்கடையில் இருப்பதும் ட்யூப் லைட்டோ எல்.இ.டி.யோதான். பூத்தில் பார்த்த பிறகு ட்யூப் லைட்டிலும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். வாசலுக்கு ஓடுவதை மட்டும் விடுங்கள்.

ஷேட் கார்டை எங்கே வைப்பது என்று கேட்டவருக்கு: வெளிச்சம் படாத உறையில், பீரோவுக்குள். மிஷின் பக்கத்தில் சுவரில் ஆணி அடித்து மாட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். கார்டு வெளுக்கும், அதைப் பார்த்து அடிக்கிற ஷீட்டும் வெளுக்கும், கார்டோடு ஒத்துப்போகிறது என்று கையெழுத்தும் விழும்.

இந்த அக்னி நட்சத்திரத்தில் இன்னொரு தலைவலி. வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது போர்டிலிருக்கும் ஈரம் போய் ஓரம் சுருண்டு கொள்கிறது. காலையில் பொருந்திய கலர் மத்தியானம் தள்ளி விழுகிறது. சின்ன எழுத்தை நாலு கலரில் கலந்து அடித்தால் எழுத்துக்கு நிழல் தட்டும். வாசகம் முழுக்க ஒற்றைக் கறுப்பில் வர வேண்டும் என்பது அதனால்தான்.

29 மே

‘சட்டப்படி என்னென்ன பார்க்க வேண்டும், ஒரு லிஸ்ட் கொடுங்கள்’ என்று கேட்டால் கொடுக்க மாட்டேன். லிஸ்ட் கையில் இருந்தால் லிஸ்ட்டைத்தான் பார்ப்பீர்கள். மருந்து விதிகளில் (முன்பு மருந்து அழகுப்பொருள் விதிகள்) 96, 97 இரண்டையும் நீங்களே ஒரு தடவை படியுங்கள். ப்ரூஃப் டேபிளில் வழுக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

ஷெட்யூல் எச் மருந்து (டாக்டர் சீட்டுக்கு மட்டும் விற்பது) என்றால் இடது மேல் மூலையில் ஆர்எக்ஸ் (Rx) குறி. இன்னும் கடுமையான கட்டுப்பாடு உள்ள எச்1 என்றால் (2014 மார்ச்சிலிருந்து) அந்தக் குறி சிவப்பில் இருக்க வேண்டும், எச்சரிக்கை வாசகம் சிவப்புக் கட்டத்துக்குள் இருக்க வேண்டும். ஒரே கம்பெனியின் இரண்டு ஆன்டிபயாட்டிக், ஒன்று எச், இன்னொன்று எச்1. பழைய ஃபைலை எடுத்துப் பெயரை மாற்றிப் புதுசு செய்யும் டிசைனரிடம் இது அடிக்கடி தவறும்.

அப்புறம் சீட்டு மருந்துகளில் போடும் அந்தச் சிவப்புக் கோடு. இடது பக்கம் மேலிருந்து கீழ் வரை, ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாத அகலம். திரையில் அம்சமாக இருக்கும். பெட்டியில் அது மடிப்பை ஒட்டி வருகிறது. பஞ்சிங் கொஞ்சம் தள்ளினால் கோடு பக்கவாட்டுப் பகுதிக்குப் போய்விடும், முன்னால் நூல் மாதிரி மிஞ்சும். விரித்த ப்ரூஃபை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுபவருக்கு இது தெரியவே தெரியாது. ப்ரூஃபை வெட்டி, மடித்து, பெட்டியாக்கிப் பாருங்கள். அப்போதுதான் தலைகீழாக வந்த பக்கம், ஒட்டும் மடிப்புக்குள் புதைந்த லைசென்ஸ் நம்பர், எல்லாம் கண்ணில் படும். ஒட்டும் இடத்திலும் பேட்ச் நம்பர் அடிக்கும் இடத்திலும் வார்னிஷ் இருக்கக் கூடாது என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். வார்னிஷ் மேல் அடித்த எக்ஸ்பைரி தேதி விரலால் தேய்த்தால் வந்துவிடும்.

பொதுப் பெயரின் (ஜெனரிக் பெயர்) அளவு: ஒற்றை மருந்துகளுக்கு பிராண்ட் பெயரைவிட, அதே ஃபான்ட்டில், குறைந்தது இரண்டு அளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று 2018இல் வந்தது. மார்க்கெட்டிங் ஆட்களுக்கு இது பிடிக்காது. பிராண்ட் பெயரை அடர்த்தியாக்கி, பொதுப் பெயரை வெளிர் சாம்பலில் போட்டு அனுப்புவார்கள். அளவு சரிதான், கண்ணுக்குத்தான் தெரியாது. இதைத் திருப்பி அனுப்பும் தைரியம் அச்சகத்துக்கு இருக்க வேண்டும்.

கியூஆர் கோடு 300 பிராண்டுகளுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் கட்டாயம். அதில் பேட்ச் நம்பரும் வருவதால் ஒவ்வொரு பேட்ச்சுக்கும் மாறும். ஆர்ட்வொர்க்கில் மாதிரிக்குப் போட்ட கோடு அப்படியே பிளேட்டுக்குப் போய்விடக் கூடாது. போகாது என்று நினைக்காதீர்கள்.

4 ஜூன்

பார்மாகோடு என்றால் என்ன என்று கேட்டவருக்கு. பெட்டியின் மடிப்பிலோ லீஃப்லெட்டின் ஓரத்திலோ ஒல்லியும் தடிமனுமாக நாலைந்து கோடுகள் இருக்குமே, அது. லேடஸ் என்ற ஜெர்மன் கம்பெனி கொண்டுவந்தது. பேக்கிங் லைனில் சென்சார் அதைப் படித்து, வேறு மருந்தின் பெட்டியோ லீஃப்லெட்டோ கலந்துவிட்டால் லைனை நிறுத்தும்.

ப்ரூஃபில் இதைச் சும்மா ‘கோடு இருக்கு’ என்று டிக் போடுகிறார்கள். கையாலேயே கணக்குப் போடலாம். வலது கோடியிலிருந்து ஆரம்பியுங்கள். முதல் கோடு ஒல்லி என்றால் 1, தடிமன் என்றால் 2. அடுத்தது ஒல்லி 2, தடிமன் 4. அதற்கடுத்தது 4, 8. இப்படியே இரட்டித்துக்கொண்டே போய்க் கூட்ட வேண்டும். இரண்டே கோடு, இடது ஒல்லி, வலது தடிமன் என்றால் 2 + 2, ஆக 4. அதே பெட்டியைத் தலைகீழாகப் பிடித்தால் இடது தடிமன், வலது ஒல்லி, 4 + 1, ஆக 5. அதாவது திருப்பி வைத்த ப்ரூஃப் வேறு மருந்தின் நம்பரைக் காட்டும். ஆர்டரில் இருக்கும் நம்பரோடு நீங்களே கூட்டிப் பாருங்கள். 16 கோடும் தடிமனாக இருந்தால் 131070, அதுதான் உச்சம். அதற்கு மேல் நம்பர் கொடுத்திருந்தால் கொடுத்தவரிடம் போன் போட்டுக் கேளுங்கள்.

இந்தக் கோடுகளைச் சிவப்பில் போட டிசைனர் ஆசைப்படுவார், பெட்டியின் கலரோடு போகும் என்று. சிவப்பு வெளிச்சத்தில் படிக்கும் சென்சாருக்குச் சிவப்புக் கோடு வெறும் வெள்ளை.

5 ஜூன்

ஐரோப்பா ஆர்டர் என்றால் பெட்டியில் மருந்தின் பெயர் பிரெய்லில் வேண்டும், 2004இல் அங்கே வந்த சட்டம். டை, அதாவது அழுத்தும் அச்சு, போட்டு மேடாக எழுப்புவது. அதை யார் ப்ரூஃப் பார்ப்பது? டை கண்ணாடி மாதிரி திரும்பிவிட்டாலும் பார்க்க ஒழுங்கான புள்ளிகளாகத்தான் இருக்கும். ஆங்கில டி (D) திரும்பினால் எஃப் (F), ஈ (E) திரும்பினால் ஐ (I). பிரெயில் அட்டவணையை வைத்து எண்ணிப் பார்க்கலாம், ஆனால் விரலால் படிப்பவர் ஒருவரை வரவழைத்துக் காசு கொடுத்துப் படிக்கச் சொல்வதுதான் மரியாதையான வழி. புள்ளி 0.2 மில்லிமீட்டர் எழும்ப வேண்டும், அடுக்கி வைத்தால் அமுங்கும், அதையும் அவர்தான் சொல்ல முடியும்.

14 ஜூன்

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இவ்வளவு நாளும் புது வேலையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். புது வேலையில் எல்லோரும் பயத்தோடு இருப்பார்கள், நாலு பேர் பார்ப்பார்கள், தப்பு தங்காது. கொல்வது ரிபீட் ஆர்டர். ‘போன தடவை மாதிரியே, ஒரே ஒரு சின்ன மாற்றம்’ என்று வருமே, அது.

2019 நவம்பரில் வேலூர் மாவட்டத்தைப் பிரித்தார்கள், ராணிப்பேட்டை தனி மாவட்டமானது. மருந்து லேபிளில் உற்பத்தியாளர் பெயரும் தொழிற்சாலை முகவரியும் இருந்தே ஆக வேண்டும். ஆகவே ராணிப்பேட்டையில் தொழிற்சாலை வைத்திருந்த கம்பெனிகள் தங்கள் எல்லாப் பெட்டியிலும், லேபிளிலும், லீஃப்லெட்டிலும், ஃபாயிலிலும் மாவட்டப் பெயரை மாற்ற வேண்டி வந்தது. 1989இல் வட ஆற்காட்டைப் பிரித்தபோதும் இதே கூத்துதான் என்று என் முதலாளி சொல்வார். அப்போது ஈயம் கோத்த காலம், எழுத்தைக் கையால் பிடுங்கி மாற்றினார்கள்.

ஒரு கம்பெனி, பெயர் வேண்டாம், தங்கள் டிசைனரிடம் எல்லா ஃபைலிலும் வேலூர் என்பதை ராணிப்பேட்டை என்று மாற்றச் சொல்லிவிட்டார்கள். அவர் கண்டுபிடி, மாற்று, எல்லாவற்றையும் மாற்று என்று அழுத்திவிட்டார். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஏழு எழுத்துதான், வரி ஒடியவில்லை, ஒன்றும் நகரவில்லை. அந்தப் பெட்டியில் கீழே இன்னொரு முகவரி இருந்தது, மார்க்கெட்டிங் ஆபீஸ். அது நிஜமாகவே வேலூர் டவுனில் இருந்தது, இன்னும் இருக்கிறது. அதுவும் ராணிப்பேட்டை ஆகிவிட்டது. தெருவும் பின்கோடும் வேலூர், ஊர் ராணிப்பேட்டை.

தம்பி, இங்கேதான் உங்கள் மென்பொருள் வருகிறது. அது தன் வேலையைச் சரியாகச் செய்தது. பழைய ஃபைலுக்கும் புதுசுக்கும் நடுவே இரண்டு சிவப்பு வட்டம் போட்டது. பார்த்தவர் ‘முகவரி மாற்றம், ஆமாம், ஆர்டரில் இருக்கிறது’ என்று இரண்டையும் ஏற்றுக்கொண்டார். எத்தனை இடத்தில் மாற வேண்டும் என்று ஆர்டரில் யாரும் எழுதவில்லை. ஒன்று என்று எழுதியிருந்தால் இரண்டாவது வட்டத்தில் கை நின்றிருக்கும். பெட்டி, லீஃப்லெட் எல்லாம் அடித்து, ஒட்டி, வண்டி ஏறுவதற்கு முன்னால் ஸ்டோர்ஸ் ஆள் டெலிவரி முகவரி எழுதும்போது பெட்டியைப் பார்த்துவிட்டு, ‘இந்த பின்கோடு நம்ம வீட்டுப் பக்கமாச்சே’ என்றாராம். எல்லாம் தூளாக்கப் போனது.

அதிலிருந்து நான் வேலை பார்த்த இடத்தில் ரிபீட் ஆர்டருக்கு ஒரு தாள். மாற வேண்டியது என்ன, எந்த இடத்தில், எத்தனை இடத்தில், மாறக் கூடாதது என்ன. கம்பெனி அதில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஃபைலைத் திறப்பது. ஆர்ட்வொர்க் நம்பர் மாற வேண்டும், பழைய பிளேட்டை உடைக்க வேண்டும், பழைய ஷேட் கார்டில் குறுக்கே கோடு. பிளேட்டை உடைக்க மனசு வராது. ‘நல்லாத்தானே இருக்கு, ஒரு தடவை இதிலேயே ஓட்டிடலாம்’ என்று ராத்திரி ஷிஃப்ட்டில் யாராவது எடுப்பார்கள்.

15 ஜூன்

‘பத்து மருந்தை ஒரே ஷீட்டில் சேர்த்து அடித்தால் சின்ன கம்பெனிக்கு மிச்சம்தானே?’ மிச்சம்தான். கல்யாணப் பத்திரிகைக்குச் செய்யுங்கள். மருந்துக்கு வேண்டாம், பஞ்சிங்கில் கலந்தால் யாராலும் பிரிக்க முடியாது.

19 ஜூன்

பேச்சு வேஸ்டேஜுக்குப் போய்விட்டது, ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். பழைய பஸ் ஸ்டாண்டில் வேர்க்கடலை வாங்கினேன். பொட்டலம் ஒரு மருந்து லீஃப்லெட், வெட்டாத ஷீட், மெல்லிய தாள், ‘பக்க விளைவுகள்’ என்ற பகுதிக்குள் கடலை. சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் லீஃப்லெட் எடைக்குப் போகிற இடத்திலிருந்து பெட்டியும் போகும், நல்ல பெட்டி போலி மருந்துக்காரன் கைக்குப் போக எவ்வளவு நேரம்? ஷெட்யூல் எம்மில் (மருந்து தயாரிப்பு ஒழுங்குக்கான விதி) அச்சிட்ட சரக்கைப் பூட்டி வைக்க வேண்டும், வந்தது, போனது, மிஞ்சியது, அழித்தது எல்லாவற்றுக்கும் கணக்கு வேண்டும் என்று இருக்கிறது. மருந்து கம்பெனிக்குத்தானே அது என்று அச்சகம் இருக்கக் கூடாது. ப்ரூஃபும் அச்சிட்ட சரக்குதான், ஒப்புதல் ஆகாத ப்ரூஃபைக் கிழித்துப் போடுங்கள்.

27 ஜூன்

குடியாத்தத்திலிருந்து சித்த மருந்து லேபிள் அடிக்கும் ஒருவர், தமிழ் வாசகத்துக்கு மென்பொருள் வேலை செய்யுமா என்று கேட்டிருக்கிறார். ஃபைல் யூனிகோடில் இருந்தால் செய்யும். நம் டிசைனர்களில் பாதிப் பேர் இன்னும் பழைய பாமினி வகை ஃபான்ட்டில்தான் கோரலில் அடிக்கிறார்கள். மென்பொருள் உள்ளே பார்த்தால் ஆங்கில எழுத்துக் குவியல். ஒப்பிடும், ஆனால் எந்தச் சொல் மாறியது என்று அது காட்டும்போது உங்களுக்கும் புரியாது. பழைய ஃபான்ட்டிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும்போது கொம்பு தனியாக நிற்கும், புள்ளி பறந்துவிடும். ‘நாள்தோறும்’ என்பதன் புள்ளி போனால் சிரித்துவிட்டுப் போகலாம். ‘வேளைக்கு’ என்ற இடத்தில் எண் போனால் சிரிக்க முடியாது. தமிழ் வாசகத்துக்கு வாய்விட்டுப் படிப்பதைத் தவிர வழியில்லை. அளவை எண்ணாலும் எழுத்தாலும் போடச் சொல்லுங்கள்.

30 ஜூன்

அந்த அரை நாள் விஷயம். நியாயமில்லை என்றே இப்போது தோன்றுகிறது. 12ஆம் தேதி சீனியர் பக்கம் என்று எழுதினேன், பாதிப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். லீஃப்லெட் முழுவதையும் வாய்விட்டுப் படித்தால் முதல் அரை மணிக்குப் பிறகு படிப்பவருக்கும் கேட்பவருக்கும் கொட்டாவிதான். மருந்தின் பெயர், அளவு, அலகு, எச்சரிக்கை, லைசென்ஸ் நம்பர், முகவரி, எண் இருக்கும் எல்லா வரியும்: இவற்றைப் படியுங்கள், எண்ணை ஒவ்வொரு இலக்கமாக. நடுவில் ஆளை மாற்றுங்கள், படித்தவர் டிக் போடட்டும். மற்ற பத்திகளை மென்பொருளிடம் விடலாம், ஆனால் எதிரில் கம்பெனியின் மூல வாசகத்தை வைத்து. ஆர்ட்வொர்க்கை ஆர்ட்வொர்க்கோடு வைத்து அல்ல.

முகவரியைக் கடைசி வரியிலிருந்து மேலே படித்துப் பாருங்கள். பழகிய ஊர்ப் பெயர் என்றால் கண் வழுக்கிக்கொண்டு ஓடும், பின்னாலிருந்து படித்தால் ஓடாது.

8 ஜூலை

கேள்வி கேட்ட தம்பியே வந்திருக்கிறார். மிஷினில் வரும் முதல் ஷீட்டையும் ஸ்கேன் செய்து ஒப்பிட முதலாளி ஒத்துக்கொண்டாராம். நல்லது. மூன்று விஷயம். ஸ்கேன் செய்வது எல்லா அப்பும் வருகிற மாதிரி முழு ஷீட்டாக இருக்கட்டும், நடுவில் இருக்கும் ஒரு பெட்டியை வெட்டி எடுத்து வேண்டாம். எதிரில் வைப்பது கம்பெனி கையெழுத்திட்ட பி.டி.எஃப்., பிளேட்டுக்குப் போன உங்கள் ஃபைல் வேண்டாம். ஸ்கேனை சேமிக்கும்போது ஆர்ட்வொர்க் நம்பரும் ஜாப் நம்பரும் தேதியும் போட்டுச் சேமியுங்கள். ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘ஃபைனல் ஓ.கே.’, ‘ஃபைனல் புதுசு’ என்று நாலு ஃபைல் ஒரே ஃபோல்டரில் கிடப்பதை நான் எல்லா அச்சகத்திலும் பார்த்திருக்கிறேன். அதில் எது ஃபைனல் என்று டிசைனருக்கு மட்டும்தான் தெரியும், அன்றைக்குப் பார்த்து அவர் லீவில் இருப்பார்.